ஒரு தொட்டியிலிருந்து நாலு தொட்டி: வீட்டிலேயே ஆர்க்கிட் கன்று எடுப்பது எப்படி?

இணையக் கடைகளில் நீலம், கறுப்பு, வானவில் நிறம் என்று படம் போட்டு 'ஆர்க்கிட் விதை' பாக்கெட் விற்கிறார்கள். அதில் காசைப் போட வேண்டாம். ஆர்க்கிட் விதை வெறும் தூசி மாதிரி இருக்கும். ஒரு காயை உடைத்தால் லட்சக்கணக்கில் கொட்டும், மூச்சு விட்டால் பறந்துவிடும். மற்ற விதைகளுக்குள் முளைக்கும் வரை கருவுக்குச் சாப்பாடாக மாவுச்சத்து இருக்கும். இதில் அது கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை விதைக்குள் நுழைந்து ஊட்டம் கொடுத்தால்தான் முளைக்கும். இதை 1899இல் பிரான்சில் நோயெல் பெர்னார் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் கூழில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்றைக்கும் விதையிலிருந்து ஆர்க்கிட் வளர்ப்பது கிருமி நீக்கிய குடுவைக்குள் நடக்கிற வேலைதான். புதிதாக வளர்க்க ஆரம்பித்தவர் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஏனென்றால் உங்கள் பால்கனியில் இருக்கும் செடியே கன்று கொடுக்கும். எந்தச் செடி எப்படிக் கொடுக்கும், எப்போது அதைத் தொடலாம், எப்போது தொடக்கூடாது என்பது தெரிந்தால் போதும். நான் எழுதுவது பெரும்பாலும் சென்னை, திருச்சி, மதுரை மாதிரி வெக்கையான ஊர்களை மனதில் வைத்துத்தான். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு ஓர் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் செடி வளரும் விதத்தைப் பாருங்கள்

ஆர்க்கிட்டுகளை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளலாம். டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம், சிம்பிடியம் எல்லாம் வாழை மாதிரி: ஒரு தண்டு வளர்ந்து பூத்து ஓயும், அதன் அடியிலிருந்து அடுத்த தண்டு பக்கத்தில் கிளம்பும். இப்படித் தண்டு தண்டாகத் தொட்டிக்குள் நகர்ந்துகொண்டே போகும். எல்லாத் தண்டுகளையும் அடியில் ஒரு கட்டையான பாகம் இணைத்திருக்கும். அதை இந்தக் கட்டுரையில் அடிக்கட்டை என்று சொல்கிறேன். இன்னொரு கட்சி வாண்டா, மொகாரா, ஃபலனாப்சிஸ். இவற்றுக்கு ஒரே தண்டு, ஒரே குருத்து. அந்தக் குருத்து மேலே மேலே வளரும். குருத்து அழுகினால் பல நேரங்களில் செடியே போய்விடும்.

முதல் கட்சியைப் பிரிக்கலாம். இரண்டாவதைப் பிரிக்க முடியாது. அதற்கு வேறு வழிகள் உண்டு. ஃபலனாப்சிஸை நடுவில் வெட்டி இரண்டாக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

புதியவர்கள் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு டென்ட்ரோபியம் என்பேன். நம் ஊர் நர்சரிகளில் ஊதாவும் வெள்ளையும் கலந்து பூக்கும் சோனியா ரகம் எளிதாகக் கிடைக்கிறது. கல்யாண மேடை அலங்காரத்தில் நீங்கள் பார்க்கும் ஆர்க்கிட் பெரும்பாலும் அதுதான். வெயில் தாங்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது, கன்று கொடுப்பதிலும் தாராளம்.

வெட்டுவதற்கு முன்

நர்சரியிலிருந்து வந்த வாரமே செடியைப் பிரிக்க உட்காராதீர்கள். உங்கள் வீட்டு வெளிச்சத்தில், உங்கள் வீட்டுத் தண்ணீரில் அது ஒரு முழுத் தண்டாவது புதிதாக விட்டிருக்க வேண்டும். புதுத் தண்டு பழையதைவிடக் குட்டையாகவும் ஒல்லியாகவும் இருந்தால், செடி இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். அதற்கு முன்னால் கத்தியை எடுத்தால் தாயும் போகும், பிள்ளையும் போகும்.

காலமும் முக்கியம். சமவெளியில் கத்திரி வெயில் முடிந்து, நாலு கோடை மழை விழுந்து, காற்றில் கொஞ்சம் ஈரம் வந்த பிறகு, அதாவது ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள் வசதி. வெட்டிய காயம் ஆறவும் புது வேர் பிடிக்கவும் நேரம் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரித்தால் வெட்டுவாயில் அழுகல் ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் செய்தால் வேர் இல்லாத கன்று காய்ந்து சுருங்கும். ஆனால் மாதத்தைவிடப் பெரிய சாட்சி செடிதான்: தண்டின் அடியில் பச்சையாக முளை தெரிய வேண்டும், அந்த முளையின் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வேர்முனைகள் எட்டிப்பார்க்க வேண்டும். அதுதான் சரியான நேரம்.

கைவசம் அதிகம் ஒன்றும் தேவையில்லை. ஒரு புது பிளேடு அல்லது நல்ல கூர்மையுள்ள கட்டர். மரக்கரித் துண்டுகள், விரல் நுனி அளவு. உடைந்த ஓட்டுச் சில்லு அல்லது செங்கல் ஜல்லி. தேங்காய் மட்டையைச் சின்னத் துண்டாக நறுக்கியது. பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டி அல்லது பிளாஸ்டிக் வலைத்தொட்டி. கொஞ்சம் ஸ்பாக்னம் மாஸ், அதாவது ஈரத்தைப் பிடித்துவைக்கும் காய்ந்த பாசி. சமையலறைப் பட்டைத் தூள். மண்ணைத் தொடவே வேண்டாம். இந்தச் செடிகள் பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டி வளர்பவை, வேருக்குக் காற்று வேண்டும். மண்ணில் நட்டால் சில வாரங்களில் வேர் கூழாகிவிடும்.

தேங்காய் மட்டையை அப்படியே போடக்கூடாது. இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பழுப்புச் சாயம் குறையும் வரை தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். அதிலிருக்கும் உப்பும் துவர்ப்பும் இளம் வேரைக் கருக்கிவிடும். (அணிலுக்கு மட்டை நார் என்றால் உயிர். மாடியில் அணில் நடமாட்டம் இருந்தால் நாரை உருவிக்கொண்டு போய்க் கூடு கட்டும், கூடவே உங்கள் கன்றையும் கீழே தள்ளிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கரியும் ஓட்டுச் சில்லும் மட்டும் போதும்.)

பிளேடு விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. ஒரு செடியை வெட்டிய பிளேடால் அடுத்ததை அப்படியே வெட்டினால், சாறு வழியாக வைரஸ் பரவும். சிம்பிடியம் மொசைக் வைரஸ் இப்படித்தான் ஒரு தோட்டத்தையே பிடிக்கிறது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. செடிக்கு ஒரு புது பிளேடு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கட்டரின் வாயை அடுப்புத் தீயில் நன்றாகக் காட்டி, ஆறவிட்டு எடுங்கள்.

தண்டின் மேல் முளைக்கும் குட்டி

டென்ட்ரோபியத்தின் பழைய தண்டில், மேல் கணுக்களில், பூ வர வேண்டிய இடத்தில் சில சமயம் இரண்டு இலையோடு ஒரு குட்டிச் செடி வரும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைக் கெய்கி என்பார்கள். புதியவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. செடியே முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுக்கிறது.

வந்தவுடன் பறிக்காதீர்கள். முதலில் இலை வரும், அப்புறம் அடியில் வெள்ளை வேர்கள் காற்றில் தொங்கும். குறைந்தது மூன்று வேர், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் வரை நீளட்டும். வேர் நுனி பச்சையாகவோ ஊதாவாகவோ பளபளவென்று இருந்தால் அது இன்னும் வளர்கிற வேர். நுனி வெளுத்து மூடியிருந்தால் ஓய்வில் இருக்கிறது. வளர்கிற நுனி இருக்கும்போது எடுத்தால் புதுத் தொட்டியில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். காத்திருக்கும் காலத்தில் அந்த வேர்களின் மேல் தினம் காலையில் தண்ணீர் தெளித்துவாருங்கள். இன்னும் நன்றாக இருக்க வேண்டுமானால், கெய்கியின் அடியில் ஒரு பிடி ஈர மாஸை வைத்து நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வேர் அதற்குள் ஓடும்.

எடுக்கும்போது கெய்கி ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலும் கீழும் ஓர் அங்குலம் தாய்த்தண்டையும் சேர்த்து வெட்டலாம். தாய்த்தண்டு இன்னும் பச்சையாகத் திடமாக இருந்து, அதை இழக்க மனமில்லை என்றால், கெய்கியை அடியில் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் திருகினால் கழன்று வரும். வெட்டுவாயில் மட்டும் பட்டைத் தூளைத் தொட்டுவையுங்கள். வேரில் படக்கூடாது, பட்டைத் தூள் ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவைக்கும். மஞ்சள்தூள் போடுகிறவர்களும் உண்டு, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

நடுவதற்கு முன் தொங்கும் வேர்களைப் பத்து நிமிடம் தண்ணீரில் நனைத்தால் வளைந்துகொடுக்கும். காய்ந்த வேரை வளைத்தால் படக்கென்று ஒடியும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், மூன்று அங்குலம் போதும். கீழே ஓட்டுச் சில்லு, மேலே கரியும் மட்டையும். செடியின் அடி மேல்மட்டத்தில் உட்கார வேண்டும், புதையக்கூடாது. முதல் தடவை நடுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: செடி ஆடுகிறதே என்று அடியை ஆழமாகப் புதைப்பார்கள், புதைந்த இடம் அழுகும். ஆட்டம் நிற்க ஒரு குச்சி ஊன்றி நூலால் கட்டுங்கள். ஆடுகிற கன்றின் வேர் நுனி உரசி உரசித் தேய்ந்துவிடும், அதனால் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கெய்கி வந்தாலே சந்தோஷப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வந்தால் சரி. பூவே இல்லாமல் தண்டு முழுக்கக் கெய்கியாக வந்தால், செடி ஏதோ சிரமத்தில் இருக்கிறது. தொட்டிக்குள் வேர் அழுகியிருக்கலாம், வெளிச்சம் போதாமல் இருக்கலாம், தழைச்சத்து உரம் அதிகமாகியிருக்கலாம். குட்டிகளை எடுப்பதற்கு முன் தாயின் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிடுங்கள்.

பழைய தண்டை நறுக்கி முளைக்க வைப்பது

கெய்கி தானாக வரவில்லை என்றால் வரவழைக்கலாம். இலை உதிர்ந்து, ஆனால் இன்னும் பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும் பழைய தண்டு ஒன்றை அடியோடு ஒட்ட வெட்டுங்கள். மஞ்சளாகிச் சுருங்கியதோ, உள்ளே பொக்கையானதோ உதவாது. தொட்டியில் மூன்று நாலு தண்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். பழைய தண்டுகள்தான் புதுத் தண்டுக்குச் சேமிப்பு. அதிலிருந்துதான் தண்ணீரும் சத்தும் போகிறது.

வெட்டிய தண்டை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்குங்கள். வெட்டு இரண்டு கணுவுக்கு நடுவில் விழ வேண்டும். பூத்து முடிந்த கணு மறுபடி முளைக்காது. பூத்தண்டு உதிர்ந்த வடு இருக்கும், பார்த்தாலே தெரியும். மூடிய மொட்டு ஒரு சின்னப் புடைப்பாகத் தெரிகிற கணுக்கள் உள்ள துண்டுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப்போடுங்கள். இரண்டு முனையிலும் பட்டைத் தூள் தொட்டு, ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள்.

அடுத்து, ஓட்டலில் பார்சல் வருகிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா ஒன்று. கழுவித் துடைத்து, அடியில் ஈர மாஸ் பரப்புங்கள். மாஸைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அந்தப் பதம். துண்டுகளைப் படுக்கவைத்து, மூடியைச் சாய்வாக வைத்து, வெயில் நேரடியாக விழாத வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். வாரம் ஒரு முறை திறந்து பார்த்து, பூஞ்சணம் பிடித்த துண்டை உடனே வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் துண்டுக்கும் தாவும். ஒரு மாதத்திலும் முளைக்கலாம், மூன்று மாதமும் ஆகலாம். எல்லாத் துண்டும் முளைக்காது. சோனியா மாதிரி ரகங்களைவிட, தண்டு முழுக்கக் கணுவுக்குக் கணு பூக்கும் நோபிலே ரகத்தில் இந்த முறை நன்றாகக் கை கொடுக்கிறது. ஆனால் அந்த ரகம் பூக்கக் குளிர் வேண்டும், அதனால் சமவெளியில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

முளைத்த குட்டி, தண்டில் இருக்கும் சத்தைக் குடித்துத்தான் வளரும். தண்டு சுருங்கச் சுருங்கக் குட்டி தடிக்கும். வேர் வந்ததும் தண்டுத் துண்டோடு சேர்த்தே தொட்டிக்கு மாற்றுங்கள், பிய்க்க வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்குச் சிம்பிடியம் நன்றாக வரும். அதில் இலை இழந்த உருண்டைக் குமிழ்கள் அடியில் சேர்ந்துகொண்டே போகும். தொட்டி மாற்றும்போது அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். தனியாக வெட்டி, பாதி உயரத்துக்கு ஈர மாஸில் ஊன்றி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் அடியிலிருந்து முளை விடும். பூப்பதற்குத்தான் சில வருடங்கள் ஆகும்.

தொட்டியைப் பிரிப்பது

ஆறு எட்டு தண்டுகள் ஆகி, செடி தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப்பார்க்கும்போது பிரிக்கலாம். ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று தண்டு, அதில் ஒன்றாவது புது முளையோடு. ஆசைப்பட்டு ஒற்றைத் தண்டாகப் பிரித்தால் செடி சாகாமல் இருக்கலாம், ஆனால் பூப்பதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். வேர் மண்தொட்டியில் பசை போட்டு ஒட்டியதுபோல் பிடித்திருக்கும்; ஊறினால் கொஞ்சம் விடும். வராவிட்டால் தொட்டியை உடைத்துவிடுங்கள், வேரை உடைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் பழைய மட்டையை உதறி, செத்த வேர்களை வெட்டுங்கள். உயிருள்ள வேர் வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். செத்த வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். பிறகு அடிக்கட்டையை ஒரே வெட்டாக வெட்டுங்கள். கையால் பிய்த்தால் காயம் கோணல்மாணலாகி ஆறத் தாமதமாகும்.

எனக்குப் பிடித்த முறை இதைவிட நிதானமானது. தொட்டியிலிருந்து எடுக்காமலே, அடிக்கட்டையை மட்டும் பிளேடால் வெட்டிவிட்டு, பட்டைத் தூள் தொட்டு, அப்படியே விட்டுவிடுவது. முன்பக்கம் இருக்கும் தண்டுகளிலிருந்து உறவு அறுந்ததும், பின்பக்கத்துப் பழைய தண்டுகளின் அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டு சில மாதங்களில் விழித்து முளை விடும். வேரோ இருந்த இடத்திலேயே இருப்பதால் செடிக்கு அதிர்ச்சி இல்லை. முளை வந்து வேர் எட்டிப்பார்க்கும்போது தொட்டியைக் கவிழ்த்தால் இரண்டு செடியும் தயாராக இருக்கும். அவசரப்படாதவர்களுக்கு இதுவே நல்ல வழி.

நடும்போது பழைய தண்டுப் பக்கம் தொட்டியின் விளிம்பை ஒட்டியும், புது முளை நடுவைப் பார்த்தும் இருக்கட்டும். செடி அந்தப் பக்கம்தான் நகரும், அதற்கு இடம் வேண்டும். டென்ட்ரோபியத்துக்கு இறுக்கமான தொட்டிதான் பிடிக்கும். பெரிய தொட்டியில் வைத்தால் நடுவில் ஈரம் தேங்கி வேர் அழுகும்.

வாண்டாவும் மிஸ் ஜோக்கிமும்

வாண்டாவில் தண்டு உயர்ந்து, கீழ் இலைகள் உதிர்ந்து, பக்கவாட்டில் வேர்கள் தொங்க ஆரம்பித்தால் தலைப்பகுதியை வெட்டி எடுக்கலாம். வெட்டும் இடத்துக்கு மேலே நல்ல வேர் மூன்றாவது இருக்க வேண்டும். வேர் இல்லாமல் வெட்டினால் அது சும்மா ஒரு பூங்கொத்துதான். கீழே நிற்கும் மொட்டைத் தண்டை எறியாதீர்கள். நாலைந்து இலை மிச்சம் இருந்தால் அதன் பக்கக் கணுவில் கன்று வரும். வெட்டிய தலையை மரக்கூடையில் கட்டித் தொங்கவிட்டால் போதும், கரிகூடத் தேவையில்லை. ஆனால் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் இரண்டு வேளை.

மொட்டை மாடியில் முழு வெயில் அடிக்கிறது, நிழல் வலை போட வசதி இல்லை என்பவர்களுக்கு வாண்டா மிஸ் ஜோக்கிம் இருக்கிறது. இன்று அதைப் பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம் என்று மாற்றிவிட்டார்கள், பழைய பெயரே பழக்கத்தில் நிற்கிறது. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணியின் தோட்டத்துச் செடி. 1893இல் உலகுக்கு அறிமுகமானது, 1981இல் அந்த நாட்டின் தேசிய மலரானது. பென்சில் மாதிரி உருண்டை இலை. அன்றிலிருந்து தண்டை வெட்டி வெட்டியேதான் அதைப் பெருக்கியிருக்கிறார்கள். இரண்டு வேர் உள்ள ஒன்றரை, இரண்டு அடித் தண்டை வெட்டி, ஒரு கம்பத்தில் கட்டி, அடியில் கரியும் மட்டையும் போட்டால் ஏறிவிடும். நிழலில் வைத்தால் மட்டும் பூக்காது.

ஃபலனாப்சிஸ்

பரிசாக வருகிற, பட்டாம்பூச்சி மாதிரி அகலப் பூ பூக்கும் செடி இது. புதியவர்களிடம் அதிகம் இருப்பதும் இதுதான், கன்று கொடுக்கத் தயங்குவதும் இதுதான். பூ முடிந்த பிறகு பூந்தண்டு பச்சையாகவே இருந்தால், கீழிருந்து மூன்றாவது கணுவுக்கு மேல் வெட்டிவிட்டுக் காத்திருங்கள். கணுவிலிருந்து கிளைப் பூந்தண்டு வரலாம், சில சமயம் கெய்கி வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். கெய்கி பேஸ்ட் என்று ஒன்று விற்கிறார்கள். சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி கலந்த களிம்பு. கணுவை மூடியிருக்கும் காய்ந்த செதிலை ஊசியால் நீக்கி, உள்ளே தெரியும் மொட்டில் குண்டூசித் தலை அளவு தடவ வேண்டும். ஒரு செடிக்கு ஒரு கணு போதும். இரண்டு மூன்று இலைகூட இல்லாத செடியில் இதைத் தடவாதீர்கள். கன்று வளர்க்கத் தாய்க்குத் தெம்பு வேண்டுமே.

கன்றின் முதல் மூன்று மாதம்

எந்த முறையில் எடுத்தாலும் இதற்குப் பிறகு கவனிப்பு ஒன்றுதான். இரண்டு மூன்று வாரம் நல்ல நிழல், காற்றோட்டம். அப்புறம் ஐம்பது சதவீதப் பச்சை வலைக்குக் கீழே, காலை வெயில் படுகிற இடம். ஃபலனாப்சிஸுக்கு மட்டும் இன்னும் அதிக நிழல்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று வேரைப் பார்த்தால் தெரியும். ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு; காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியாக மாறிய பிறகு அடுத்த தண்ணீர். காலையில் ஊற்றுங்கள், ராத்திரி முழுக்க இலையிடுக்கில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும்.

என்ன தண்ணீர் என்பது அதைவிடப் பெரிய விஷயம். சென்னைப் போர்த் தண்ணீரின் உப்பில் இளம் வேர் நுனி கருகிப்போகும். செடி ஏன் வளரவில்லை என்று உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரின் டிடிஎஸ் அளவை, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பாருங்கள். 200க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. மழைத்தண்ணீருக்கு ஈடு கிடையாது. ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை என்று சொல்லலாம், பிடித்து வையுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று பலர் அதைத்தான் செடிக்கு விடுகிறார்கள். வடிகட்டி நீக்கிய உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

உரம் முதல் மாதம் வேண்டாம். புது வேர் நீள ஆரம்பித்த பிறகு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். செடி பெரிதான பிறகு ஒரு கிராம். வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் தொட்டிக்குள் புளித்து எறும்பையும் கொசு மாதிரிப் பூச்சியையும் கூப்பிடும். மண் செடிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள், ஆர்க்கிட்டுக்கு வேண்டாம்.

மழைக்காலத்தில் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். நத்தை ஒரே இரவில் அத்தனை வேர் நுனியையும் மேய்ந்துவிடும். மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும். இலையில் தண்ணீர் கோத்த மாதிரிப் புள்ளி வந்து, வேகமாகப் பரவி, நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். அந்த இலையை நல்ல பாகம் வரை வெட்டி எடுத்து, செடியைத் தனியாகக் காயப்போடுங்கள். அடைமழை நாட்களில் கன்றுகளைக் கூரைக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

இன்னொன்று. மலைப் பக்கம் சுற்றுலா போகும்போது மரத்திலிருந்து ஆர்க்கிட்டைப் பிய்த்துக்கொண்டு வருவதும், சாலையோரத்தில் விற்பதை வாங்குவதும் வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நீல வாண்டா மாதிரி சிலவற்றுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. சட்டத்தை விடுங்கள், சோலைக்காட்டுக் குளிரில் வளர்ந்தது சமவெளி வெக்கையில் பிழைக்கவும் பிழைக்காது. காட்டு ஆர்க்கிட் பார்க்க ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது.

எடுத்த ஒவ்வொரு கன்றுக்கும் தாயின் பெயரும் மாதமும் வருடமும் எழுதிய அட்டையைக் குத்திவிடுங்கள். மார்க்கர் வெயிலில் ஓர் ஆண்டில் அழிந்துவிடும், பென்சிலில் எழுதினால் நிற்கும். டென்ட்ரோபியம் கெய்கி நன்றாக வளர்ந்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் பூக்கும். சில அவசரக் கன்றுகள் விரல் நீளத் தண்டிலேயே ஒரு பூந்தண்டு நீட்டும். இரண்டு மூன்று மொட்டுதான் என்றால் விட்டுவிடலாம், நிறம் தாயோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த மாதிரியும் இருக்கும். பத்து மொட்டு கட்டினால், முதல் பூ விரிந்ததும் தண்டை வெட்டித் தண்ணீர் ஊற்றிய கிளாஸில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தெம்பு அடுத்த தண்டுக்குப் போகட்டும்.